இழுக்கிற நாய்க்கு பெல்ட்டா, ஹார்னஸா?

(பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களின் எழுத்து உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவர் இருக்கும் பகுதியின் பெயர்.)

ஜீவன்பீமா நகர், 9 ஜூன் 2024, காலை 8.10

லேப்ரடார், ஆண், 14 மாதம், 29 கிலோ. கேட்டைத் திறந்ததிலிருந்து தெருமுனை வரை ஒரே இழுப்பு. கழுத்தில் சாதாரண நைலான் பெல்ட். இழுக்கும்போது இருமுகிறது. ஒரு கடையில் சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) போட்டால் ஒரே வாரத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள். இன்னொரு கடையில், ஹார்னஸ் (நெஞ்சையும் முதுகையும் சுற்றும் பட்டை) மட்டும் வாங்காதீர்கள், இன்னும் அதிகமாக இழுக்கும் என்கிறார்கள். எது சரி?

அல்சூர், 9 ஜூன், காலை 9.25

சோக் செயின் வேண்டாம். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும் என்று சொல்லி விற்பார்கள். தலைகீழாக மாட்டினால் விட்டாலும் தளராது. சரியாக மாட்டினாலும் இறுகுவதற்கு எல்லை கிடையாது. நாய் எவ்வளவு முன்னே தள்ளுகிறதோ அவ்வளவும் கழுத்தில் இறங்கும்.

கழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூச்சுக்குழாயைத் தாங்குவது முழு வளையம் அல்ல, ஒரு பக்கம் திறந்த குருத்தெலும்பு வளையங்கள். பக்கத்திலேயே தைராய்டு சுரப்பி, தலைக்குப் போகும், தலையிலிருந்து திரும்பும் ரத்தக் குழாய்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் நாய்களை காலரோடும் (கழுத்து பெல்ட்) ஹார்னஸோடும் இழுக்கவிட்டுக் கண் அழுத்தத்தை அளந்தார்கள். காலரில் அழுத்தம் கூடியது, ஹார்னஸில் கூடவில்லை. பக், ஷீட்ஸூ மாதிரி கண் பிதுங்கிய நாய்களுக்கும், ஏற்கெனவே கண் நோய் உள்ளவற்றுக்கும் இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது கடைக்காரர் சொன்னது பாதி சரி. முதுகில் லீஷ் (கையில் பிடிக்கும் வார்) மாட்டும் வளையம் உள்ள ஹார்னஸ் இழுப்பைக் குறைக்காது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு ஹார்னஸ் போடுவதே வலியில்லாமல் இழுக்கத்தான். நெஞ்சில் வளையம் உள்ளதை வாங்குங்கள். லீஷ் நெஞ்சில் இருந்தால் நாய் முன்னே பாயும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும். பாய்ந்தும் போய்ச் சேர முடியாது.

பிரேசர் டவுன் (கால்நடை மருத்துவர்), 9 ஜூன், பகல் 1.05

பெல்ட்டைக் கழற்றிய பிறகும் இருமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹார்னஸ் மாட்டி மூன்று நாள் நடந்தும் இருமினால் அது பெல்ட் இருமல் இல்லை. நாய்களுக்கிடையே பரவும் கென்னல் காஃப் ஆக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். சின்ன நாய்களில் வாத்து கத்துவது போன்ற வறண்ட இருமல் வந்தால் மூச்சுக்குழாய் தளர்ந்து மடங்குகிறது என்று சந்தேகிப்போம். பொமரேனியன் என்று சொல்லி நம் தெருக்களில் வளர்ப்பவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அவற்றிலும் இது உண்டு. அவற்றுக்கு லீஷை ஒருநாளும் கழுத்தில் மாட்டாதீர்கள்.

கோரமங்கலா, 9 ஜூன், இரவு 9.40

அகலமான, உள்ளே பஞ்சு வைத்த காலர் போதாதா? எங்கள் நாய் 12 கிலோதான்.

அல்சூர், 9 ஜூன், இரவு 10.15

அகலம் கூடினால் அழுத்தம் பரவும், உண்மைதான். ஆனால் 2020இல் இங்கிலாந்தில் மாதிரிக் கழுத்து ஒன்றில் பல வகைக் காலர்களைப் பூட்டி இழுத்து அளந்தார்கள். காயம் வராது என்று சொல்லும் அளவுக்கு எந்தக் காலரிலும் அழுத்தம் குறையவில்லை. பஞ்சு வைத்ததும் அதில் அடக்கம். இழுக்காத நாய்க்கு எந்த காலரும் சரி. இழுக்கிற நாய்க்குக் காலர் பெயர்த்தகடு தொங்கவிட மட்டும். லீஷ் நெஞ்சுக்கு.

பெயர்த்தகட்டில் நாயின் பெயரைவிட உங்கள் கைபேசி எண்தான் முக்கியம். பொறித்ததாக இருக்கட்டும். அச்சிட்ட எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும்.

அல்சூர், 10 ஜூன், காலை 6.50

நேற்று அளவைப் பற்றி எழுதவில்லை. திருப்பிக் கொடுக்கப்படும் ஹார்னஸ்களில் பல, அளவு எடுக்காமல் எடையை மட்டும் பார்த்து வாங்கியவை. 29 கிலோ லேபும் 29 கிலோ பாக்ஸரும் ஒரே மார்பளவு அல்ல.

தையல்காரர் டேப் எடுங்கள். நாய் நிற்க வேண்டும், உட்காரக்கூடாது. முதல் அளவு கழுத்தின் அடிப்பகுதி, காலர் உட்காரும் இடம் அல்ல, அதற்குக் கீழே தோள் தொடங்கும் இடம். இரண்டாவது, மார்பின் மிக ஆழமான சுற்றளவு, முன்னங்காலுக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி. மூன்றாவது, முன்மார்பில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு நுனியிலிருந்து முன்னங்கால்களுக்கு நடுவே போய் மார்புப் பட்டை வரும் இடம் வரை. மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை. அது குட்டையாக இருந்தால் மார்புப் பட்டை முன்னே இழுபட்டு அக்குளில் ஏறும், ஒரே வாரத்தில் முடி போய்த் தோல் சிவக்கும்.

முன்பக்கப் பட்டைகள் ஆங்கில ஒய் வடிவத்தில் சேர வேண்டும், சேரும் இடம் அந்த எலும்பு நுனியில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஏறினால் தொண்டையை அழுத்தும், காலருக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. எல்லாப் பட்டையின் கீழும் இரண்டு விரல் தட்டையாக நுழையட்டும். பக் அளவு நாய்க்கு ஒரு விரல் போதும். குளிப்பாட்டி ஈரமாக இருக்கும்போது சரி பார்க்காதீர்கள், முடி படிந்து அளவு ஏமாற்றும்.

மாட்டியதும் வீட்டுக்குள்ளேயே இதைச் செய்யுங்கள். நாய்க்கு முன்னால் நின்று லீஷை உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். நாய் பின்வாங்கும். முழங்கை பட்டைக்குள் வந்துவிட்டால் அந்த ஹார்னஸ் தெருவில் கழன்றுவிடும். தெருநாய்கள் நாலு சேர்ந்து குலைத்துக்கொண்டு வரும்போது உங்கள் நாய் செய்யப்போவது இதே பின்வாங்கல்தான்.

சர்ஜாப்பூர் ரோடு, 10 ஜூன், மாலை 7.30

இரண்டு விரல் கணக்கு லேபுக்குப் பொருந்தும். எங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை. தலையும் கழுத்தும் ஒரே பருமன், காலர் காது வழியாக வழுக்கி வந்துவிடும். ஹார்னஸிலிருந்தும் பின்னால் நழுவுகிறது. மார்பு ஆழம், இடுப்பு கை விரலுக்குள் அடங்கும்.

அல்சூர், 11 ஜூன், காலை 7.05

சரி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், இங்கே கர்நாடகத்து முதோல், எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாதாரண ஹார்னஸின் மார்புப் பட்டை, உடம்பு பின்னே போகும்போது முன்னே நகர்ந்து, ஒல்லியான கழுத்து, தலை வழியாக வந்துவிடுகிறது. அதனால்தான் நழுவுகிறது.

அவற்றுக்கு மூன்று பட்டை ஹார்னஸ் வேண்டும். மூன்றாவது பட்டை கடைசி விலா எலும்புகளின் மேல் சுற்ற வேண்டும். அதைவிடப் பின்னே போனால் வயிற்றை அழுத்தும். நாய் பின்வாங்கினாலும் ஒல்லியான அந்த இடத்தைச் சுற்றிய பட்டை ஆழமான மார்பைத் தாண்டி முன்னே வர முடியாது, அங்கேயே நின்றுவிடும்.

காலர் வேண்டுமென்றால் மார்ட்டிங்கேல். இரண்டு வளையமுள்ள பட்டை, நடுவில் சின்னச் சுருக்கு. இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகி நிற்கும். முழுதும் இறுகிய நிலையில் இரண்டு வளையங்களும் தொட்டுக்கொள்ளக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டால் சோக் செயினுக்கும் இதற்கும் பேர்தான் வேறு. காதுக்குப் பின்னால் உயரத்தில் உட்காரட்டும், 4 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில். வீட்டுக்குள் கழற்றிவிடுங்கள். அந்தச் சுருக்கு ஜன்னல் கம்பியில், கேட் தாழ்ப்பாளில் மாட்டும். இரண்டு நாய்கள் விளையாடினால் ஒன்றின் கீழ்த்தாடை இன்னொன்றின் காலருக்குள் சிக்கி முறுக்கும். அந்த நேரத்தில் பக்கிளைக் கழற்றக் கை ஓடாது.

கோரமங்கலா, 14 ஜூன், இரவு 8.20

பெட் கடையில் அழகான ஹார்னஸ் 600 ரூபாய்க்கு எடுத்தேன். மூன்றாம் நாள் வளையம் உடைந்துவிட்டது. நல்லவேளை அபார்ட்மெண்ட் உள்ளேதான்.

அல்சூர், 14 ஜூன், இரவு 9.50

அது துத்தநாகக் கலவையில் வார்த்த வளையம். வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, பட்டென்று முறியும். வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். வளையத்தின் ஓரத்தில் மெல்லிய கோடு சுற்றி ஓடினால் வார்ப்பு. பளபளப்பு மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். எஃகு வளையமானால் காந்தம் ஒட்டும், ஆனால் துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. ஆக, காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். எஃகு வளையத்தில் இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு காகித ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வெறுமனே வளைத்தது, பற்றவைத்ததல்ல. திறந்துகொள்ளும்.

அடுத்து தையல். வளையம் பிடிக்கும் இடத்தில் ஒரே நேர்க்கோட்டுத் தையல் இருந்தால் கீழே வையுங்கள். சதுரம் போட்டு நடுவே பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும், அல்லது அடர்த்தியாக முன்னும் பின்னும் ஓட்டியிருக்க வேண்டும். 20 கிலோவுக்கு மேல் 25 மி.மீ. பட்டை. பிளாஸ்டிக் பக்கிள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல பக்கிளை அழுத்தி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டக்கென்று விழும். ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே விழுந்தால் வேண்டாம். உள்ளே மண் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான் ஆகும், மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

லீஷ் கொக்கி: விரலால் தள்ளித் திறக்கும் கொக்கிகளில் ஸ்பிரிங்தான் முதலில் போகும். தட்டிவிட்டால் தானாக மூட வேண்டும். முக்கால்வாசி மூடி நின்றால் மாற்றிவிடுங்கள்.

சிவாஜிநகர், 16 ஜூன், பகல் 12.40

ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் விற்கும் தோல் காலர் எப்படி? பித்தளை பக்கிள், கனமாக இருக்கிறது.

அல்சூர், 16 ஜூன், இரவு 8.30

தோல் நல்ல பொருள், பித்தளையும் நல்ல பொருள். இது பெங்களூரு, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மாலை மழை. நனைந்த தோல் நீளும், பிறகு ஓட்டை வரிசையில் ஒரு ஓட்டை மாற்றித்தான் போட வேண்டும். காயாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறிக் காற்றில் காயவைத்துப் பிறகு தோலெண்ணெய் தடவினால் நிலைக்கும். வெயிலில் காய வைத்தால் வெடிக்கும். இவ்வளவும் செய்ய நேரமிருந்தால் வாங்குங்கள். நாய் இழுக்கும் என்றால் அதுவும் பெயர்த்தகடு தொங்கத்தான்.

பிரேசர் டவுன், 16 ஜூன், இரவு 9.15

மழைக்காலம் என்று வந்ததால் சொல்கிறேன். ஈர ஹார்னஸை உடம்பிலேயே விட்டால் பட்டைக்குக் கீழே ஈரப்புண் வரும், ஒரே இரவில் உள்ளங்கை அளவுக்குப் பரவிவிடும். நடை முடிந்ததும் கழற்றிக் காயவைத்துவிட்டு அக்குள், முன்மார்பு, காலருக்குக் கீழே விரலால் தடவுங்கள். உண்ணி ஒளிந்துகொள்வது அங்கேதான். உண்ணி காலர் (உண்ணியைத் தடுக்கும் மருந்துக் காலர்) போட்டிருந்தால் அது தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பெயர்த்தகட்டு காலரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஜீவன்பீமா நகர், 23 ஜூன், காலை 9.00

நெஞ்சு வளையம் உள்ள ஒய் ஹார்னஸ் வாங்கினேன். இழுப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் லீஷ் முன்னங்காலுக்குள் போய்ச் சிக்குகிறது, ஹார்னஸ் முழுதும் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

அல்சூர், 23 ஜூன், காலை 10.20

நெஞ்சு வளையத்தை மட்டும் பயன்படுத்தினால் அது நடக்கும், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள 2 மீட்டர் லீஷ் வாங்குங்கள். ஒரு கொக்கி முதுகு வளையத்தில், இன்னொன்று நெஞ்சு வளையத்தில். நடுவில் பிடியுங்கள். முதுகுப் பக்கம்தான் எப்போதும் கொஞ்சம் பிடிப்பு, நெஞ்சுப் பக்கம் தளர்வாகத் தொங்கும். பாயும் நேரத்தில் மட்டும் நெஞ்சுப் பக்கம் இழுபட்டுத் திருப்பும். பட்டை ஒரு பக்கமாகத் திரும்புவதும் நின்றுவிடும்.

நெஞ்சு வளையத்தை மாட்டிக்கொண்டு நாயோடு ஓடாதீர்கள். ஒவ்வொரு காலடியிலும் ஒரு பக்கமாகத் திருகும்.

ஒய் வடிவத்தைப் பற்றி ஒரு திருத்தமும் எழுத வேண்டும். அதில் தோள் முற்றிலும் சுதந்திரம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் தோளுக்குக் குறுக்கே பட்டை போகும் வகையையும் தோளை விட்டுவிடும் வகையையும் அளந்தார்கள். இரண்டிலுமே தோள் நீட்டல் குறைந்தது. தோளை விடும் வகையில் குறைவு அதிகமாகவே இருந்தது. அதனால் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். நாயை ஹார்னஸ் இல்லாமலும் ஹார்னஸோடும் கார் பார்க்கிங்கில் நடக்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் வீடியோ எடுங்கள். காலடி குட்டையானால் தெரிந்துவிடும். நாள் முழுதும் மாட்டி வைக்காதீர்கள், நடைக்கு மட்டும்.

கோரமங்கலா, 25 ஜூன், மாலை 6.15

மூக்கில் சுற்றி மாட்டுகிற ஹெட் ஹால்டர்? நீளும் லீஷ்?

அல்சூர், 25 ஜூன், இரவு 10.40

ஹெட் ஹால்டர் பலன் தரும், ஆனால் அவசரப்பட்டால் பெரிய தீங்கு. தலையைத் திருப்பினால் உடம்பு திரும்பும், குதிரைக் கடிவாளத்தின் தத்துவம். நாய்க்கு அது பிடிக்காது, முதல் நாளே மாட்டி வெளியே கூட்டிப்போனால் தரையில் மூக்கைத் தேய்த்துக் காயப்படுத்திக்கொள்ளும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வீட்டுக்குள், மூக்கு வளையத்துக்குள் தானே மூக்கை நுழைத்துத் தின்பண்டம் எடுக்கப் பழக்கிய பிறகுதான் பக்கிள். கழுத்துப் பட்டை காதுக்குப் பின்னே உயரத்தில், ஒரு விரல் மட்டும் நுழையும்படி. மூக்கு வளையம் மூக்கு நுனிவரை நகரலாம், கழன்று வரக்கூடாது. லீஷைச் சுண்டி இழுக்கவே கூடாது. நாய் ஓடி வந்து லீஷ் முடியும் இடத்தில் முட்டினால் தலை திரும்பிக் கழுத்து முறுக்கும். பக், பாக்ஸர் மாதிரி குட்டை மூக்குக்குப் பொருந்தாது. எப்போதும் ஹார்னஸோடு இரண்டாவது இணைப்பு வேண்டும்.

நீளும் லீஷ் இழுக்கிற நாய்க்கு வேண்டாம். அது எப்போதும் கொஞ்சம் இழுத்தபடியே இருப்பதால், இழுத்தால்தான் இடம் கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. கயிறு வகை கைவிரலை அறுக்கும், குழந்தைகளின் கெண்டைக்காலை அறுக்கும். பிடி கையிலிருந்து நழுவித் தரையில் தடதடவென்று பின்னால் வந்தால் நாய் அதற்குப் பயந்தே ஓடும்.

சாதாரண 1.8 மீட்டர் பட்டை லீஷ், கையில் சுற்றிக்கொள்ளாமல். மணிக்கட்டில் வளையத்தை மாட்டிக்கொண்டு 30 கிலோ நாய் பாய்ந்தால் எலும்பு போய்விடும். வளையத்தைப் பெருவிரலில் மாட்டி உள்ளங்கைக்குள் மடித்துப் பிடியுங்கள், வேண்டும்போது விட்டுவிட முடியும்.

ஜீவன்பீமா நகர், 2 ஜூலை, காலை 8.45

கருவி சரியாகிவிட்டது. இழுக்கும் ஆசை இன்னும் இருக்கிறது.

அல்சூர், 2 ஜூலை, இரவு 9.30

ஹார்னஸ் நாய்க்கு எதையும் கற்றுத் தராது, கற்றுத் தரும்வரை கழுத்தைக் காப்பாற்றும். தெருவில் தொடங்காதீர்கள், கப்பன் பார்க் ஞாயிறு கூட்டத்தில் தொடங்கவே வேண்டாம். அபார்ட்மெண்ட் நடைபாதை போதும், ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. அவித்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள், பனீரும் சரி. திராட்சை கூடாது. உங்கள் தொடைப் பக்கத் தையலோடு ஒட்டிக் கையை வைத்துக் கொடுங்கள். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னாலேயே நடக்கும். முதலில் இரண்டு காலடிக்கு ஒரு துண்டு, பிறகு ஐந்து, பிறகு பத்து. லீஷ் இறுகினால் நின்றுவிடுங்கள். திரும்பி வந்து லீஷ் தளர்ந்ததும் கொடுங்கள்.

அல்சூர், 3 ஜூலை, காலை 7.15

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. திரும்பி வந்ததும் உடனே கொடுத்தால், இழு, திரும்பு, தின் என்று ஒரு வரிசையாகவே நாய் கற்றுக்கொள்ளும், இழுப்பு குறையாது. தளர்ந்ததும் நடங்கள், நாலைந்து காலடி லீஷ் தளர்வாகவே வந்த பிறகு கொடுங்கள்.

பிரேசர் டவுன், 3 ஜூலை, பகல் 2.00

இன்னொன்று. வீட்டில் கட்டிப்போட்டே வளர்க்கும் நாய் வெளியே வந்தால் இழுக்கத்தான் செய்யும். நியாயமற்ற குட்டைச் சங்கிலியில், அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி குற்றம். எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில் வருகிறது. ஹார்னஸ் வாங்கும் முன் சங்கிலியை அவிழ்க்க வேண்டிய வீடுகள் இந்த நகரத்தில் நிறைய இருக்கின்றன.

சர்ஜாப்பூர் ரோடு, 24 அக்டோபர், மாலை 7.50

தீபாவளி 31ஆம் தேதி. இப்போதே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. மூன்று பட்டை ஹார்னஸ் போதுமா?

அல்சூர், 24 அக்டோபர், இரவு 9.10

போதாது. பயந்த நாய் இழுக்காது, முறுக்கிக்கொண்டு பின்வாங்கும், படுத்துப் புரளும். அடுத்த பத்து நாளுக்கு இரட்டை இணைப்பு. ஹார்னஸ் முதுகு வளையத்துக்கும் காலர் வளையத்துக்கும் நடுவே 15 செ.மீ. நீளத்தில் ஒரு குட்டைப் பட்டை, இரண்டு முனையிலும் கொக்கி. ஹார்னஸ் கழன்றாலும் காலர் பிடிக்கும். ஹார்னஸ் சரியாக இருக்கும்போது அது தளர்வாகவே தொங்க வேண்டும், இழுபட்டால் கழுத்தில் பாரம் விழும். சிப்பிப்பாறைக்கு அந்தக் காலர் மார்ட்டிங்கேலாகவே இருக்கட்டும்.

நடையை விடிவதற்குள், 5.30க்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். மாலையில் மொட்டை மாடிக்கும் லீஷ் இல்லாமல் விடாதீர்கள். மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த 15 இலக்க எண்ணோடு உங்கள் தற்போதைய கைபேசி எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஜீவன்பீமா நகர், 26 அக்டோபர், காலை 8.30

குட்டைப் பட்டையைத் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கலாமா?

அல்சூர், 26 அக்டோபர், காலை 9.05

தாராளமாக. பருத்தி நூல் வேண்டாம், நைலான் நூல் கேளுங்கள். சதுரமும் பெருக்கல் குறியும் போடச் சொல்லுங்கள். பட்டை முனையை நெருப்பில் காட்டி உருக்கினால் பிரியாது. வாங்கியதும் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையைப் பிடித்து உங்கள் முழு எடையும் போட்டுத் தொங்குங்கள். தையல் ஓரத்தில் வெள்ளையாக நூல் தெரிந்தால் இன்னொரு வரிசை போடச் சொல்லுங்கள், ஆனால் அதே ஊசி ஓட்டைகளில் வேண்டாம், அரை விரல் தள்ளி.